சாப்பிடப் போறேளா, அப்பா?

மைதிலிக்கு நாற்பத்து நான்கு வயதில் மறுபடியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டி வந்தது. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அவளைத் தெரிந்த எல்லோரும் முதல் வாரம் இதையே கேட்டார்கள். "என்ன மைதிலி, இந்த வயசுல காலேஜா?" அவளும் சளைக்கவில்லை. "ஆமாம் மாமி, எல்.கே.ஜி.ல இடம் கெடைக்கலை" என்று சொல்லிவிட்டு நம்பர் ஒன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாயைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

பி.காம். முடித்த கையோடு துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் கணக்கெழுதப் போனவள் அவள். போன இடத்திலேயே தலையில் நரை கண்டது. கல்யாணப் பேச்சு வந்ததும் போனதும் உண்டு. ஒரு தடவை ஜாதகம் ஒத்துவரவில்லை, இன்னொரு தடவை அம்மாவுக்கு உடம்பு ஒத்துவரவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. ஆர்டர்கள் குறைந்து குறைந்து ஒருநாள் பட்டறையையும் மூடிவிட்டார்கள். முதலாளி எல்லோரையும் கும்பிட்டு அனுப்பினார். கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் வேலை போவது ஒரு தனி வேதனை.

கே.கே. நகரில் ஓர் அறக்கட்டளை, வேலையிழந்த பெண்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது. பைத்தான் என்ற மொழியில் புரோகிராம் எழுதப் பழக்குவார்கள். கடைசியில் ஒரு தேர்வு உண்டு. தேறியவர்களைத் துவாக்குடிப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அப்பாவின் பென்ஷனில் இரண்டு ஜீவன் சாப்பிடலாம். அவருக்குப் பிறகு அவள் என்ன செய்வாள் என்பதுதான் கேள்வி. அதை வீட்டில் யாரும் உரக்கக் கேட்டதில்லை.

அப்பா ரெங்கநாதன் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் பாதிக் காலம் ஜீயபுரம் போன்ற சின்ன ஸ்டேஷன்களில் கழிந்தது. வயது எழுபத்தேழு. சர்க்கரை வியாதி முற்றி ஊசிக்கு வந்துவிட்டது. காலையில் ஒரு ஊசி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. காலை ஊசியில் குழப்பமில்லை, தினமும் ஒரே அளவு. மத்தியான ஊசி அப்படியல்ல. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற அளவு போட வேண்டும். ஒருமுறை காலை அளவை மத்தியானத்துக்குப் போட்டுக்கொள்ளப் போனார். நல்லவேளை, மைதிலி பார்த்துவிட்டாள். அதிலிருந்து அந்த ஊசி அவள் பொறுப்பு.

அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் கீழ்ப் போர்ஷன் ரெங்கநாயகி மாமி மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். மைதிலிக்கு அடிப்பதிலேயே பொழுது போய்விடும், அணைக்க நேரம் இருக்காது. ஈரக் காலோடு நடந்தால் திட்டு, மாத்திரையை மறந்தால் திட்டு, தும்மினால் ஏன் மஃப்ளர் கட்டவில்லை என்று திட்டு. தாமதமாக வரும் வண்டிக்குக் காத்திருப்பவர் போல, அப்பா முடியும் வரை பேசாமல் நிற்பார்.

இந்தக் கூச்சலுக்கு அடியில் இருந்தது பயம். அம்மாவுக்கும் சர்க்கரைதான். காலில் பட்ட சின்னக் காயத்தை அம்மா சொல்லாமல் மறைத்து, புடவைக் கரையால் மூடிக்கொண்டே நடமாடினாள். தெரிந்தபோது கால் கறுத்திருந்தது. காலை எடுத்தும் அம்மா தங்கவில்லை. "இப்படியா ஒருத்தி அசடா இருப்பா, வாயைத் தெறந்து சொல்லத் தெரியாம?" என்று மைதிலி சடங்கெல்லாம் முடிந்த பிறகும் அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் வகுப்பு காலையில் மட்டும்தான். பஸ் பிடித்து ஓடிவந்து அப்பாவுக்கு ஊசி போட்டுவிடுவாள். இரண்டு மாதம் போனதும், இனி வகுப்பு சாயங்காலம் வரை என்று அறிவித்தார்கள். தேர்வில் தேறினால் வேலையும் முழுநாள் வேலைதான். மத்தியானத்தில் அப்பாவைத் தனியே விட முடியுமா, முடியாதா? முடியாதென்றால் பையை மாட்டிக்கொண்டு அலைவதில் அர்த்தமே இல்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் 'இஃப்' ஆரம்பித்தது.

சொல்லிக்கொடுத்தவர் ஜெய்சங்கர். முப்பது வயதிருக்கும், எல்லோரையும் மேடம் என்பார். "மழை பேஞ்சா குடை எடுத்துக்குவோம், இல்லைன்னா எடுத்துக்க மாட்டோம். அவ்வளவுதாங்க மேடம் இஃப், எல்ஸ்" என்றார். திருச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு மழை உதாரணத்தைக் கேட்க எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. நிபந்தனை எழுதிய வரியின் முடிவில் முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அது உண்மையானால் நடக்க வேண்டியதை அடுத்த வரியில் நாலு இடம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். இரண்டில் எது தவறினாலும் சிவப்பு எழுத்தில் திட்டு வரும். "என்னை மிஞ்சிடுத்து இது" என்று மைதிலி பக்கத்தில் இருந்த ஹஃப்ஸாவிடம் சொன்னாள்.

ஹஃப்ஸா பாலக்கரைப் பெண். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு வேலை தேடுகிறவள். அவளுக்கு முக்காற்புள்ளி மறக்காது, ஸ்பெல்லிங் மறக்கும். மைதிலிக்கு நேர்மாறு. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு மாணவி தேறும்.

அன்று ராத்திரி சாதம் பரிமாறும்போது மைதிலி அப்பாவிடம் இஃப் பற்றிச் சொன்னாள். ஒன்று உண்மையானால் ஒன்று நடக்கும், இல்லையானால் வேறொன்று நடக்கும் என்று.

"இதுல என்னம்மா புதுசு?" என்றார் அப்பா. "ஜீயபுரத்துல கையால இழுக்கற லீவர் ஃப்ரேம் இருந்த காலத்துலேயே இதுதானே. லெவல் கிராஸிங் கேட்டை மூடிப் பூட்டலேன்னா சிக்னல் கைகாட்டியோட லீவர் நகராது. தண்டவாளம் சரியாப் பிரியலேன்னாலும் நகராது. நீ தொங்கிண்டு இழுத்தாலும் நகராது. எல்லாம் சரியா இருந்தாத்தான் கைகாட்டி இறங்கும். இறங்கித்துன்னா டிரைவர் கண்ணை மூடிண்டு வண்டியை எடுக்கலாம்."

"கண்ணை மூடிண்டு வண்டி ஓட்டுவாளாக்கும்" என்றாள் மைதிலி. அவர் சிரித்தார். அவர் கண்களில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். அம்மா போன பிறகு அவர் தானாக இவ்வளவு நீளமாகப் பேசியது அபூர்வம்.

வீட்டு வேலையாக ஜெய்சங்கர் ஒன்று கொடுத்தார். அவரவர் வீட்டில் தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றை இஃப், அடுத்த நிபந்தனையைக் கேட்கிற எலிஃப், எல்ஸ் வைத்து எழுதி வரவேண்டும். மைதிலி யோசிக்கவே இல்லை. டாக்டர் சொன்ன அளவுகள் அவளுக்கு மனப்பாடம். சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டினால் நாலு யூனிட். இருநூறைத் தாண்டினால் ஆறு. முந்நூறைத் தாண்டினால் எட்டு, உடனே டாக்டருக்கு போன். எதுவும் இல்லையென்றால் ஊசி வேண்டாம். அதே வரிசையில் எழுதிக் கொண்டுபோனாள். ஜெய்சங்கர் முந்நூற்றுப் பத்து என்று தட்டிப் பார்த்தார். திரையில் வந்தது: நாலு யூனிட்.

மைதிலி எட்டு என்ற வரியைத் தொட்டுக் காட்டினாள். "எட்டுன்னுதானே எழுதியிருக்கேன் சார்?"

"எழுதியிருக்கீங்க மேடம். ஆனா அந்த வரிக்கு அது வரவே வராது. மேலேர்ந்து ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு வரும். எங்க முதல்ல ஆமாம்னு பதில் கிடைக்குதோ, அதைச் செஞ்சுட்டு வெளிய போயிடும். முந்நூத்திப் பத்து, நூத்தைம்பதை விடவும் பெருசுதானே? அதோட முடிஞ்சுது."

"அதுவா யோசிக்காதா?"

"நாம கேக்கச் சொன்னதை மட்டும்தாங்க கேக்கும். நாம சொல்லித் தர்ற வரிசையிலதான் கேக்கும்."

அவள் வரிசையைத் தலைகீழாக மாற்றினாள். பெரியது முதலில், சிறியது கடைசியில். ஹஃப்ஸா பக்கத்தில் இருந்து எண்ணாகச் சொல்லச் சொல்ல, இவள் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. அந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை. பட்டறையில் இருபது வருஷம் கணக்கெழுதியிருக்கிறாள். ஆனால் அவளே செய்த ஒன்று சொன்னபடி ஓடுவதை அன்றுதான் பார்த்தாள்.

தம்பி ஹைதராபாத்திலிருந்து எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் அதை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். சின்னப் படத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினால் கறுப்புத் திரை வரும். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும். எண்ணைப் போட்டால் அளவைச் சொல்லும். அப்பா ஒரு வாரம் அவளுக்கு எதிரிலேயே செய்து காட்டினார். ஒரு தப்பு இல்லை. மனுஷர் அந்தத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்காருவார். டியூட்டியில் இருப்பவர் முகம் அது.

மைதிலி நிம்மதியாக முழுநாள் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

வைகுண்ட ஏகாதசியென்றால் ஊருக்கே தெரியும். பஸ் நகராது, வீதியில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் ஏகாதசி மாதத்துக்கு இரண்டு வருகிறது. மற்றவை சத்தமில்லாமல் வந்து போகும், காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். ரெங்கநாதனுக்குக் காலண்டர் வேண்டாம். உபநயனம் ஆன நாள் தொட்டு ஏகாதசியன்று அன்னம் தொட்டதில்லை. ஜீயபுரத்தில் ராத்திரி டியூட்டி பார்த்தபோதும் விட்டதில்லை. ஊசி வந்த பிறகு டாக்டர் கண்டிப்பாகக் கூடாதென்றார், மைதிலி அதைவிடக் கண்டிப்பாகக் கூடாதென்றாள். ஏகாதசிதோறும் எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை உள்ளே போகும் வரை எழுந்திருக்க மாட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து விழுங்குவது போல விழுங்குவார். நாளடைவில் எல்லா நாளையும் போல அதுவும் ஆகிவிட, அவளுக்கு ஏகாதசி என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை.

அது ஐப்பசியில் வந்த ஏகாதசி. மைதிலி வழக்கம்போல் தளிகை பண்ணி, பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் எதிரில் உட்கார ஆள் இல்லை. அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மத்தியானம் வழக்கமான நேரத்துக்கு விரலில் குத்திப் பார்த்தார், இருநூற்று இருபத்தைந்து இருந்தது. திரையில் போட்டார். ஆறு யூனிட் என்று வந்தது. ஆறு யூனிட் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

ரெங்கநாயகி மாமி பூக்கட்ட நார் கேட்டு மேலே வந்ததுதான் அவர் செய்த புண்ணியம். நாற்காலியில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கண் எங்கோ பார்க்கிறது, வாய் மட்டும் கோணலாக ஏதோ ஸ்டேஷன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாமியின் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு என்பதால் அவளுக்கு என்னவென்று புரிந்தது. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மைதிலிக்குப் போன் பண்ணினாள்.

கே.கே. நகரிலிருந்து ஆஸ்பத்திரி வரை மைதிலி எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கூட ஹஃப்ஸா வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அப்பா பிழைத்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னதும் மைதிலிக்குக் கால் தரையில் ஊன்றியது. உடனே கோபம் தலைக்கு ஏறியது. வாசலில் நின்ற மாமி, "சாதம் அப்படியே இருந்துது மைதிலி. இன்னிக்கு ஏகாதசியாச்சே" என்றாள்.

கட்டிலருகே போனாள். அப்பா அரைக் கண்ணால் பார்த்தார்.

"சாப்பிடலேன்னு தெரியுமே, பின்னே எதுக்கு ஊசி போட்டுண்டேள்?"

"ஆறு போடுன்னு வந்துது" என்றார் அவர். நாக்கு இன்னும் தடித்திருந்தது. "கைகாட்டி இறங்கித்து, எடுத்தேன். எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே இறங்கும்? சாப்பிடாத நாளுக்கும் சேர்த்து நீ எழுதியிருப்பேன்னு நினைச்சேன்."

சாப்பாட்டுக்கு முன்னால் போடும் ஊசி என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே அந்த ஒன்றை அவள் எழுதவில்லை. கேட் திறந்து கிடக்க, கைகாட்டியை இறக்கிவிட்டது அவள்தான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏகாதசி இருக்கப் போறேன்னு காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"நீ கோச்சுப்பே."

"கோச்சுக்காம பின்னே கொஞ்சுவாளா?"

வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி தம்பி போனில் வந்தான். கிளாஸும் வேண்டாம் வேலையும் வேண்டாம், அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இரு, மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன், முடியாதென்றால் நல்ல முதியோர் ஹோமாகப் பார்க்கலாம் என்றான். அவன் நல்லவன்தான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. மைதிலி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்றும் நினைத்தாள். லேப்டாப்பை மூடி பீரோவில் வைத்தாள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று டாக்டரைப் பார்த்தாள். சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று முதல்முறையாகக் கேட்டாள்.

"பட்டினியே கூடாதுன்னுதாம்மா நான் சொல்லுவேன்" என்றார் டாக்டர். "ஆனா இருப்பாங்கன்னும் எனக்குத் தெரியும். அப்படி இருந்தா மத்தியான ஊசி போடவே கூடாது. பாலும் பழமுமாவது உள்ள போகணும். எனக்குப் போன் பண்ணுங்க, மத்ததை அளவு பார்த்துச் சொல்றேன். ஆனா ஒண்ணு, அவர் உண்மையைச் சொல்லணும். சொன்னாத்தான் எதுவும் பண்ண முடியும்."

மைதிலி மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. நாலாம் நாள் காலையில் அப்பா அவளுடைய பையை எடுத்துவந்து வாசற்படியருகே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வகுப்பில் உட்கார்ந்து மேலே ஒரு கேள்வியைச் சேர்த்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதற்கும் முன்னால் அது வரும். 'சாப்பிடப் போறேளா, அப்பா? ஆமாம்னா 1, இல்லைன்னா 0.' ஒன்று போட்டால்தான் சர்க்கரைக் கேள்விக்கே போகும். பழைய வரிகள் அத்தனையும் இன்னொரு நாலு இடம் உள்ளே தள்ளப்பட்டு அதற்குள் அடங்கின. பூஜ்யம் போட்டால் எல்ஸ். அந்த எல்ஸுக்குக் கீழே அவள் கை தானாக எழுதியது: 'டாக்டர் என்ன சொன்னார்? ஞாபகம் இருக்கா இல்லையா? மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? முதல்ல சாப்பிடுங்கோ!'

ஓட்டிப் பார்த்தாள். சரியாக ஓடியது. முக்காற்புள்ளிகூட மறக்கவில்லை. ஹஃப்ஸா எட்டிப் படித்துப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதை உங்க அப்பா ஒரு தடவைதான் பார்ப்பாரு."

"ஏன்?"

"எங்க அத்தாவுக்கும் சுகருதான். நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரமலான்ல தெனமும் சாப்பிட்டீங்களான்னு நான் போலீஸ் மாதிரி கேப்பேன். சாப்பிட்டேன்னுதான் சொல்லுவாரு. பொய்யே பேசாத மனுசன்க்கா அவரு. நான்தான் அவரைப் பேச வச்சுட்டேன். இல்லைன்னு சொன்னா நான் குதிப்பேன்னு அவருக்குத் தெரியும். உங்க அப்பாவுக்கும் அடுத்த தடவை பூஜ்யம் போட்டா திட்டு வரும்னு தெரிஞ்சிடும். பேசாம ஒண்ணைப் போட்டுட்டுப் போயிடுவாரு."

மைதிலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் போட்டால் மறுபடியும் சர்க்கரைக் கேள்வி, மறுபடியும் ஆறு யூனிட், மறுபடியும் காலி வயிறு.

அப்புறம்தான் அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. புடவைக் கரையால் மூடி மூடி நடந்தாளே, அது அசட்டுத்தனம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். 'சொன்னா மைதிலி கத்துவா' என்று அம்மா எத்தனை தடவை நினைத்திருப்பாள்? அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்துதான் அவரும் வாயைத் திறக்கவில்லை. பயந்து பயந்து திட்டினாள். அவள் பயத்துக்குப் பயந்து அவர்கள் மறைத்தார்கள். வகுப்பு என்றும் பார்க்காமல் மைதிலி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹஃப்ஸா அவள் முதுகில் கை வைத்தாள்.

எல்ஸுக்குக் கீழே இருந்ததை மைதிலி அழித்தாள். அந்த இடத்தில் எழுத ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. இஃப் எழுதுவது அவளுக்குப் பழகிவிட்டது. அப்பா 'இல்லை' என்று சொன்னால் பதிலுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. எழுதினாள், அழித்தாள், எழுதினாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மேஜையில் பழைய இடத்திலேயே வைத்தாள். "ஒரு கேள்வி புதுசா சேர்த்திருக்கேன். உள்ளபடி போடுங்கோ" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் ஒன்று போட்டு, ஊசி போட்டு, சாப்பிட்டார். அதிலொன்றும் சோதனை இல்லை. அடுத்த ஏகாதசிதான் சோதனை. அன்றைக்கே வகுப்பில் தேர்வும் வந்து சேர்ந்தது. அதில் அவள் தேறினாள், இப்போது துவாக்குடி பஸ்ஸில்தான் தினமும் போய் வருகிறாள் என்பதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் அவளுக்குத் தேர்வைப் பற்றி நினைப்பே இல்லை. தளிகை பண்ணி மூடி வைத்தாள். பக்கத்தில் பாலும் வாழைப்பழமும் வைத்தாள். சாப்பிடுவேளா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. ரெங்கநாயகி மாமியிடம் மட்டும், ஒரு மணிக்கு மேல் ஒருதரம் மேலே எட்டிப் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தேர்வு அறைக்குள் போன் கூடாது என்றார்கள். மைதிலி ஜெய்சங்கரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் போனை வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

கேள்விகள் எளிதாகத்தான் இருந்தன. அவளுக்குப் பாதி மனம் திரையில், பாதி மனம் அந்த மேஜையில். பன்னிரண்டரை ஆயிற்று. அப்பா விரலில் குத்துகிற நேரம். திரையில் கேள்வி வந்திருக்கும். ஒன்றா, பூஜ்யமா? பூஜ்யமென்றால் அவளுக்குப் போன் பண்ணச் சொல்லும். போன் வராவிட்டால் ஒன்று போட்டார் என்று அர்த்தம். ஒன்று போட்டுவிட்டுச் சாப்பிட்டிருந்தால் சரி. ஒன்று போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால்? பெருமாளே என்றுகூட அப்போது அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

போன் அடித்தது. ஜெய்சங்கர் எழுந்து வருவதற்குள் அவளே போய் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"மைதிலி, நான்தான்."

"சொல்லுங்கோப்பா."

"பூஜ்யம் போட்டேன்."

"ஊசி?"

"போட்டுக்கலை. வேண்டாம்னு வந்துது. பாலும் பழமும் எடுத்துக்கச் சொல்லித்து, எடுத்துண்டேன். உனக்குப் போன் பண்ணச் சொல்லித்து. பண்ணிட்டேன்."

"சரிப்பா."

அந்தப் பக்கம் டம்ளரை மேஜையில் வைக்கிற ஒலி கேட்டது.

"அதுல வர்றதெல்லாம் நீ எழுதினதுதானே?"

"நான்தான் எழுதினேன்."

"உன் பேச்சு மாதிரியே இல்லையேம்மா" என்றார் அப்பா. அதில் குத்தல் ஏதும் இல்லை. வண்டி பத்து நிமிஷம் லேட் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அந்த வரிகளை எழுதினவள் அவள். ஓட்டி ஓட்டிப் பார்த்தவள் அவள். கண்ணால் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கீழே சாலையில் ஒரு பஸ் போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு, எல்ஸுக்குக் கீழே நாலு இடம் தள்ளி எழுதியிருந்த முதல் வரியை அப்படியே சொன்னாள்.

"பரவாயில்லைப்பா. சொன்னதே போதும்."